ஆன்ரி தெக்ஸியேவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆன்ரி தெக்ஸியே பிரான்ஸின் டபுள் பேஸ் கலைஞர். டபுள் பேஸ், சுருக்கமாக பேஸ் என்பது வயலின் வடிவில் ஆளுயரம் இருக்கும் கீழ்ச்சுருதி நரம்பு வாத்தியம். 1945 ஜனவரியில் பாரிஸில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே மேடையேறி, எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் புது ஆல்பம் வெளியிட்டவர். சொந்தப் பெயரில் வந்தவை மட்டுமே இரண்டு டஜனுக்கு மேல். மற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவை தனிக் கணக்கு. இவ்வளவு இருப்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. ஜாஸ் பக்கம் புதிதாக வருகிற ஒருவர் ஏதாவது ஒரு பாட்டுச் செயலியில் அவர் பெயரைத் தட்டினால், 1968இல் பதிவானதும் 2018இல் பதிவானதும் ஒரே பட்டியலில் கலந்து வந்து நிற்கும். எது முன்னால் வருகிறதோ அதில் கால் மணி நேரம் செலவழித்துவிட்டு, ‘சரி, இது நமக்கில்லை’ என்று போய்விடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படிப் போகக் கூடாத கலைஞர் இவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய இசைக்குள் போக உருப்படியான வாசல்கள் நான்கு என்று நினைக்கிறேன். ஒன்று, 1968 முதல் 1972 வரை அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஃபில் வுட்ஸின் குழுவில் அவர் இருந்த காலம். இரண்டு, தன்னந்தனியாக எல்லா வாத்தியங்களையும் வாசித்துப் பதிவுசெய்த 1976ஆம் ஆண்டின் ‘ஆமிர்’. மூன்று, ‘ஆன் இண்டியன்ஸ் வீக்’ என்ற 1993 ஆல்பத்தோடு மேலெழுந்த அஸூர் குழு. நான்கு, கிளாரினெட் கலைஞர் லூயி ஸ்க்லாவிஸ், டிரம்ஸ் கலைஞர் ஆல்டோ ரொமானோ இருவரோடு சேர்ந்து 1995இல் வெளியிட்ட ‘கார்னே த ரூத்’. நான் நான்காவதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு எது என்பதைப் பேச மற்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன்னால் கருவி பற்றி ஒரு வார்த்தை. டபுள் பேஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் ஒலி நொடிக்கு 41 அதிர்வுகள் அளவில் இருக்கும். அவ்வளவு கீழான ஒலியை செல்போன் ஸ்பீக்கரால் தர முடியாது. அதன் மேலதிர்வுகளை மட்டும்தான் தரும், மிச்சத்தை நம் மூளை ஊகித்துக்கொள்ளும். தெக்ஸியேவின் வாசிப்பில் பெரும்பகுதி அந்தக் கீழ்த்தளத்தில்தான் நடக்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘பேஸே கேட்கவில்லையே’ என்றால் கலைஞர் மேல் குற்றமில்லை. சுமாரான இயர்போன் போதும். ஆனால் ஏதாவது ஒன்று வேண்டும்.

பேஸை அவர் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் பியானோ. பதினாறு வயதையொட்டி டபுள் பேஸைக் கையில் எடுத்து, இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகினார். தன்னை அதிகம் பாதித்தவராக அவர் சொல்லும் பெயர் அமெரிக்க பேஸ் கலைஞர் வில்பர் வேர். இந்தத் தகவலைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்தத் தலைமுறையின் பேஸ் கலைஞர்கள் பலர் வேகத்தின் பின்னால் போனார்கள். வேர் அப்படியில்லை. ஸ்வரங்கள் குறைவு, ஒவ்வொன்றிலும் கனம் அதிகம், இடைவெளி விடத் தயங்காத கை. 1957 நவம்பர் 3ஆம் தேதி நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் நடத்திய கச்சேரிப் பதிவில் அவரைக் கேட்கலாம். சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ், இவ்வளவுதான். பியானோ கிடையாது. ராகத்தின் தரையைக் காட்ட வேறு ஆளில்லாததால் முழுப் பொறுப்பும் பேஸின் தலையில். தெக்ஸியே பிற்பாடு எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்கான விதை அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது 1960களின் பாரிஸ். அமெரிக்காவின் நிறவெறியும் வேலைப் பஞ்சமும் பல கறுப்பினக் கலைஞர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன. டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் 1956இலிருந்தே அங்கு குடியேறியவர். பியானோ மேதை பட் பவல் 1959இல் வந்தார். டெக்ஸ்டர் கோர்டன், ஜானி கிரிஃபின் எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். பெரிய பெயர்கள் வந்து இறங்கும்போது முழுக் குழுவோடு வர மாட்டார்கள். பேஸும் டிரம்ஸும் உள்ளூரில்தான் பிடிப்பார்கள். ஒத்திகையெல்லாம் கிடையாது. மேடையில் ஏறியதும் பாட்டின் பெயரைச் சொல்வார்கள், சில சமயம் அதுவும் சொல்ல மாட்டார்கள். பவல், கிளார்க், கிரிஃபின், செட் பேக்கர் என்று ஒருவர் பின் ஒருவராக இருபது வயதுகூட ஆகாத பையனுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதே காலத்தில் அமெரிக்கர்கள் ஓர்னெட் கோல்மன், டான் செரி வழியில் ஃப்ரீ ஜாஸ், அதாவது வழக்கமான கட்டுகளை உதறிய ஜாஸ், வாசிக்கும் குழு ஒன்றையும் அவர் சொந்தமாக நடத்திக்கொண்டிருந்தார். பிரான்ஸில் அந்தப் பாணியைத் தொட்ட முதல் சில குழுக்களில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் மரபை நெட்டுருப் போடுவது, இன்னொரு பக்கம் அதை உடைத்துப் பார்ப்பது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. இது முக்கியம்.

முதல் வாசல்: ஃபில் வுட்ஸின் வேகம்

1968இல் வுட்ஸ் அமெரிக்காவை விட்டு பாரிஸுக்கு வந்தார். சார்லி பார்க்கர் வழியில் வந்த ஆல்ட்டோ சாக்ஸஃபோன், அசாத்தியமான திறமை, கொஞ்சம் களைத்துப்போன மனம். இங்கே அவருக்குக் கிடைத்த குழுவுக்கு யூரோப்பியன் ரிதம் மெஷின் என்று பெயர் வைத்தார். பியானோவில் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் க்ருன்ட்ஸ், பிறகு இங்கிலாந்தின் கோர்டன் பெக். டிரம்ஸில் இன்னொரு சுவிஸ்காரர் டேனியல் உமேர். பேஸில் 23 வயது தெக்ஸியே. அந்த ஆண்டு பாரிஸில் பதிவான ‘அலைவ் அண்ட் வெல் இன் பாரிஸ்’ இந்த வாசலின் முதல் படி. 1969 மான்ட்ரோ ஜாஸ் விழாப் பதிவும் நல்லதுதான்.

‘அலைவ் அண்ட் வெல்’லின் நீண்ட தொடக்கப் பாட்டு, அந்த ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடிக்காக எழுதப்பட்டது. மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். வேகமெடுத்தபின் உமேர் தாளத்தை நிமிடத்துக்கு ஒருமுறை வேறு வேறாகக் கிழித்துத் தைக்கிறார், வுட்ஸ் மூச்சுவிடாமல் ஓடுகிறார். இதற்கெல்லாம் அடியில் பேஸ் ஒரு கணம்கூடச் சறுக்கவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். ஜாஸில் பேஸ் கலைஞரின் அன்றாட வேலை என்ன, அதைத் தலைசிறந்த அளவில் செய்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் குறைவு. பேஸோ கிடாரோ டிரம்ஸோ வாசிக்கிற ஒருவர் என்னிடம் கேட்டால் இங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. இது வுட்ஸின் இசை. தெக்ஸியே அதைத் தாங்கி நிற்கிறார், அவருடைய மெட்டு எது, அவருக்கு என்ன பிடிக்கும், எந்த ஊரின் மண்வாசம் அவரிடம் இருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கவே முடியாது. இதோடு நிறுத்தியவர்கள் அவரை ‘நல்ல சக கலைஞர்’ என்ற பட்டியலில் போட்டுவிடுவார்கள். அது பாதி உண்மை.

இரண்டாம் வாசல்: ஒற்றை ஆள் செய்த ஆமிர்

வுட்ஸின் குழு 1972இல் முடிந்தது. நடுவில் ஆல்டோ ரொமானோவோடு டோட்டல் இஷ்யூ என்ற பெயரில் ராக் கலந்த முயற்சி ஒன்று. அதைத் தாண்டிப் போகலாம். 1976இல் வந்தது ‘ஆமிர்’.

இந்த ஆல்பத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். டபுள் பேஸ், ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம், புல்லாங்குழல், தாள வாத்தியங்கள், குரல் எல்லாம் அவரே. அடுக்கடுக்காகப் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். பத்தாண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களுக்குத் துணை வாசித்த ஒருவர், பக்கத்தில் யாருமே இல்லாத அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

‘லெ லாபா’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். பேஸ் ஒரு சின்னச் சுற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் சொற்களில்லாத குரல். ராகத்தின் போக்கு கிழக்கா மேற்கா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஊத் வருவதால் வட ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். ஆனால் தெக்ஸியேவின் குடும்ப வேர் இருக்கிற, பிரான்ஸின் மேற்கோரத்து பிரித்தானிப் பகுதியின் நாட்டுப்பாட்டும் உள்ளே இருக்கிறது. மெட்டு ஒரு குழந்தை பாடிவிடக்கூடிய அளவுக்கு எளிமையானது. அந்தக் காலத்து ஜாஸ் கலைஞர்களுக்கு இப்படி எளிமையாக எழுதத் துணிச்சல் வேண்டும். ஒரே ஸ்வரத் தொடரை இவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு மீட்டலும் அதே கனத்தில் விழ வேண்டும். வில்பர் வேரிடம் கேட்டுப் பெற்ற கை இங்கே வேறு வேலைக்குப் பயன்படுகிறது.

அப்புறம் 1977இல் ‘வரெக்’, 1979இல் ‘ஆ கோர்த் ஏ ஆ க்ரி’ என்று இதே பாணி தொடர்ந்தது. மூன்றில் ‘ஆமிர்’தான் முதலில் கேட்க வேண்டியது. எல்பி சேகரிப்பவர்களிடம் இதற்குத் தனி மவுசு. ஜாஸ் கேட்டுப் பழக்கமே இல்லாதவர்கள்கூட இதற்குள் சுலபமாகப் போய்விடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். நீண்ட சாக்ஸஃபோன் தனி கிடையாது, டிரம்ஸ் ஆர்ப்பாட்டம் கிடையாது. குரல் இருக்கிறது, தாளம் இருக்கிறது, பாட்டுகள் அளவோடு முடிந்துவிடுகின்றன.

இப்படியெல்லாம் இருந்தும் இதை ஏன் முதலாவதாக வைக்கவில்லை? தன் கையாலேயே எல்லாவற்றையும் அடுக்கும்போது ஒன்று இல்லாமல் போகிறது. பேஸ் ஒன்றைச் சொல்லும்போது எதிரிலிருப்பவர் எதிர்பாராத பதில் தருவது, அதைக் கேட்டு பேஸ் வழி மாறுவது, அந்த உடனடிப் பேச்சு. ஜாஸின் மனோதர்மம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அறுபதாண்டுக் காலம் இவரைத் தேடிப் பெரிய கலைஞர்கள் வந்ததற்குக் காரணமே இவர் மற்றவர்களைக் கேட்கிற விதம். ‘ஆமிர்’ அதைக் காட்டாது. இன்னொன்று, இதில் தொடங்கி அடுத்த ஆல்பத்துக்குப் போகிறவர்கள் டிராம்போனும் டிரம்ஸும் இரைச்சலாக நுழைவதைக் கேட்டுத் தடுமாறுவார்கள். ‘ஆமிர்’ போல இன்னொன்று வேண்டும் என்று தேடுவார்கள். அது மூன்று ஆல்பங்களில் தீர்ந்துவிடும்.

மூன்றாம் வாசல்: அஸூர் குழு

1980களை விரைவாகக் கடக்கலாம். டேனியல் உமேர், சாக்ஸஃபோன் கலைஞர் ஃப்ரான்ஸுவா ஜானோவோடு ஒரு மூவர் குழு. பின்பு ஸ்க்லாவிஸ் இருந்த ஒரு நால்வர் குழு. 1988இல் அமெரிக்கர்கள் ஜோ லொவானோ, ஸ்டீவ் ஸ்வாலோ ஆகியோரோடும் ரொமானோவோடும் ‘இஸ்லாஸ்’. அந்தக் காலத்தில் பேஸ் உலகமே மாறிக்கொண்டிருந்தது. பேஸில் ஒலிவாங்கி பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் கொடுப்பது வழக்கமானதும், பலர் தந்திகளைப் பலகைக்கு நெருக்கமாக இறக்கிக்கொண்டார்கள். விரல் பறக்கும், ஒலி நீளும், ஆனால் மரத்தின் அடி உதை குறையும். தெக்ஸியே அந்தப் பக்கம் முழுதாகப் போகவில்லை. எந்த ஆண்டுப் பதிவைப் போட்டாலும் விரல் தந்தியை விட்டு விலகும் சத்தம் முதலில் வந்து, மரம் முழங்குவது பின்னால் வரும்.

1993இல் வந்த ‘ஆன் இண்டியன்ஸ் வீக்’ ஒரு குழுத் தலைவரின் ஆல்பம். தலைப்பிலுள்ள இந்தியர் நாமல்ல, அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடிகள். அவர்கள் வாழ்க்கைமேல் தெக்ஸியேவுக்குச் சிறுவயது முதல் இருந்த ஈடுபாடு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 2023இல்கூட ‘ஆன் இண்டியன்ஸ் லைஃப்’ என்று பெயர் வைத்து ஒன்று வெளியிட்டார். 1993 ஆல்பத்தில் சாக்ஸஃபோன் இருக்க வேண்டிய இடத்தில் டிராம்போன் நிற்கிறது. அதை ஊதும் க்ளென் ஃபெரிஸ் அமெரிக்கர். பியானோவில் பெல்கிரேடிலிருந்து பாரிஸ் வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர் போயான் ஸுல்ஃபிகார்பாஷிச், பின்னாளில் போயான் ஸீ என்று புகழ்பெற்றவர். டிரம்ஸில் மடகாஸ்கர்காரர் டோனி ரபெஸோன். ஸ்க்லாவிஸும் இன்னொரு பிரெஞ்சு கிளாரினெட் கலைஞர் மிஷெல் போர்தாலும் விருந்தினர்களாக வந்து போகிறார்கள்.

டிராம்போனும் பேஸும் கீழ்ச்சுருதியில் உறவாடுவது இந்த ஆல்பத்தின் தனிச் சுவை. ஃபெரிஸ் பேசுவது போல, சில சமயம் முனகுவது போல ஊதுவார். பேஸ் அதற்கு ஒரு படி கீழே நடந்துகொண்டிருக்கும். போயானின் விரலில் பால்கன் பிரதேசத்தின் ஒற்றைப்படைத் தாளங்கள் இருக்கின்றன. தெக்ஸியேவின் மெட்டுகள் இங்கே முழு வளர்ச்சி பெற்றிருக்கின்றன. ‘ஆமிர்’ போலவே பாடக்கூடியவை, ஆனால் இப்போது ஐந்தாறு பேர் தங்கிப் புழங்க இடமுள்ளவை. கம்போஸராக அவரை அறிய இதுவே சிறந்தது என்று பலர் சொல்வார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

ஏற்கனவே மிங்கஸ், கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் மேதைகளையெல்லாம் கேட்டு ஊறியவர் என்றால் நேராக இதற்குப் போகலாம். புதியவருக்குச் சிக்கல் இரண்டு. பியானோ இருப்பதால் காது தன்னிச்சையாக அங்கே போய்விடும், பேஸ் மறுபடியும் பின்வரிசைக்குத் தள்ளப்படும். ஆல்பமும் நீளமானது. எது எங்கே வருகிறது என்று பிடிபட நான்கைந்து முறை கேட்க வேண்டியிருக்கும்.

நான்காம் வாசல்: கார்னே த ரூத்

இதன் கதை 1990இல் தொடங்குகிறது. கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் ஊதும் லியோன் நகரத்து லூயி ஸ்க்லாவிஸ், இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த டிரம்ஸ் கலைஞர் ஆல்டோ ரொமானோ, தெக்ஸியே. மூவரும் மத்திய ஆப்பிரிக்க நாடுகளில் கச்சேரிப் பயணம் போனார்கள். நான்காவதாக ஒருவர் கூடவே போனார், மேக்னம் நிறுவனத்தின் புகைப்படக்காரர் கி லெ கெரெக். ஜாஸ் கலைஞர்களை நீண்ட காலம் படமெடுத்துப் பெயர்பெற்றவர். 1990களில் இந்த நால்வரும் மேலும் இரண்டு முறை ஆப்பிரிக்காவின் வேறு பகுதிகளுக்குப் போய் வந்தார்கள். ஊர்களில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து மூவரும் எழுதிய பாட்டுகள் 1995இல் லெ கெரெக்கின் படங்களோடு ஆல்பமாக வந்தன. வெளியிட்டது ஆமியான் நகரத்துக் கலாச்சார மையத்தில் 1986இல் பிறந்த லேபல் ப்ளூ என்ற இசைப்பதிவு நிறுவனம். தெக்ஸியேவின் பிற்காலப் பதிவுகள் பெரும்பாலும் இந்த நிறுவனத்தில்தான். 1999இல் ‘ஸ்வீத் ஆஃப்ரிக்கேன்’, 2005இல் ‘ஆஃப்ரிகன் ஃப்ளாஷ்பேக்’ என்று இரண்டு தொடர்ச்சிகள்.

ஆப்பிரிக்கா போய் வந்த ஐரோப்பியர்கள் எழுதிய இசை என்றதும் ஒரு தயக்கம் வரலாம், நியாயமான தயக்கம்தான். அங்கிருந்து ஒரு மேளத்தை எடுத்துவந்து பின்னணியில் அடித்துவிட்டு உலக இசை என்று விற்றவர்கள் அந்த ஆண்டுகளில் நிறைய. இவர்கள் அதைச் செய்யவில்லை. இந்த ஆல்பத்தில் ஆப்பிரிக்க வாத்தியத்தை வாசித்துக் காட்டும் பாசாங்கு இல்லை. கிளாரினெட், பேஸ், டிரம்ஸ் ஆகிய தங்கள் கருவிகளிலேயே, போன ஊர்கள் தங்கள் காலடியை எப்படி மாற்றின என்பதைச் சொல்கிறார்கள். அதனால்தான் முப்பது ஆண்டு கழித்தும் இது பழசாகவில்லை.

இப்போது பேஸுக்கு வருவோம். பியானோ இல்லை, கிடார் இல்லை. வில்பர் வேர் 1957இல் நின்ற அதே நிலையில் இங்கே தெக்ஸியே நிற்கிறார். ஸ்க்லாவிஸ் சோப்ரானோ சாக்ஸஃபோனில் மேலே பறக்கும்போது பேஸ் தரையாக இருக்கிறது, ஒரு சின்னச் சுற்று, நடன அடி போல. ஸ்க்லாவிஸ் பேஸ் கிளாரினெட் என்ற கீழ்ச்சுருதிக் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வரும்போதுதான் வேடிக்கை. ஒரே உயரத்தில் இரண்டு கீழ்க்குரல்கள். சாதாரணமாக அங்கே மோதல் வரும், ஒலி குழம்பும். தெக்ஸியே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். சில இடங்களில் கழுத்தின் மேல்பக்கம் போய் மெட்டைத் தானே எடுத்துக்கொள்கிறார், கிளாரினெட் தரையாகிவிடுகிறது. சில இடங்களில் பாதி ஸ்வரங்களைக் கைவிட்டு வழி விடுகிறார். ‘பொரோரோ டான்ஸ்’ போட்டு, பேஸின் சுற்றை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் அப்புறம் அவரை எந்தக் குழுவிலும் அடையாளம் கண்டுவிடலாம்.

ரொமானோவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அவர் டிரம்ஸை அடிப்பதைவிடப் பாட வைக்கிறார் என்பதே சரி. சத்தம் கூட்டாமல் பரபரப்பைக் கூட்டத் தெரிந்தவர். 1970களின் தொடக்கத்திலிருந்தே தெக்ஸியேவோடு வாசித்துப் பழகிய நெருக்கம் இருவருக்கும் இடையே கேட்கிறது. அவர் மென்மையாக வாசிப்பதால்தான் பேஸின் ஒவ்வொரு மீட்டலும் நமக்குத் தெளிவாக வந்து சேர்கிறது. பலத்த கை உள்ள டிரம்மர் இருந்திருந்தால் இந்த ஆல்பமே வேறாகியிருக்கும்.

வுட்ஸிடம் கற்ற தவறாத காலம், ‘ஆமிர்’ தந்த பாடக்கூடிய மெட்டு, அஸூர் காட்டிய பலருக்கு இடம் விடும் குணம், மூன்றும் இந்த ஆல்பத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஒரு கலைஞர் வளர்ந்த வழி முழுவதையும் ஒரே மணி நேரத்தில் காது உணர்ந்துகொள்கிறது. அதோடு, இதிலிருந்து எந்தப் பக்கமும் போகலாம். பின்னோக்கிப் போனால் ‘ஆமிர்’ உறவாகவே கேட்கும். முன்னோக்கிப் போனால் பிந்தைய குழுக்கள் புரியும். என் தேர்வுக்குக் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். சில இடங்களில் ஸ்க்லாவிஸ் மெட்டை விட்டுவிட்டுக் கரடுமுரடாக ஊதுவார், மூவரும் தாளத்தைக் கைவிட்டுக் கொஞ்ச நேரம் திறந்தவெளியில் நிற்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் பொறுமையைச் சோதிக்கும் என்று நினைப்பவர்கள் ‘ஆமிர்’ கேட்டுவிட்டு வருவதே நல்லது. இரவு வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓட விடுவதற்கும் ‘ஆமிர்’தான். ‘கார்னே த ரூத்’ உட்கார்ந்து கேட்க வேண்டியது.

வாங்குவதா, செயலியில் கேட்பதா என்ற கேள்விக்கு என் பதில் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும். ‘ஆமிர்’ மறுவெளியீடு கண்டது, அதைச் செயலியில் கேட்பதே போதும். எல்பிக்காக அலைய வேண்டியதில்லை. ‘கார்னே த ரூத்’ மட்டும் முடிந்தால் சிடியாக வாங்குங்கள். லெ கெரெக்கின் கறுப்பு வெள்ளைப் படங்கள் கைப்புத்தகத்தில் இருக்கின்றன. அவை அலங்காரமல்ல, பயணத்தின் நான்காவது ஆள் சொன்ன பங்கு. செயலியில் அது வெறும் அட்டைப்படமாகச் சுருங்கிவிடும்.

பிற்காலத்தவற்றில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மகன் செபாஸ்தியான் தெக்ஸியே சாக்ஸஃபோனும் கிளாரினெட்டும் ஊதுபவர். 1990களின் நடுவிலிருந்து அப்பாவின் குழுக்களில் அவர் நிலையான ஆள். 2000களின் ஸ்ட்ராடா செக்ஸ்டெட் மின்கிடாரும் பேரிடோன் சாக்ஸஃபோனும் சேர்ந்த முழக்கமான குழு. 2007இன் ‘அலெர்த் ஆ லோ’ தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிக் கோபமாகப் பேசுகிற ஆல்பம். கோபம் பிடிக்குமென்றால் அது. 1997இன் ‘ரெஸ்பெக்ட்’ முற்றிலும் வேறு குணம். லீ கோனிட்ஸ், பாப் ப்ரூக்மேயர், பால் மோஷன், ஸ்டீவ் ஸ்வாலோ என்று மூத்த அமெரிக்கர்களோடு உட்கார்ந்து பேசுவது போன்ற அமைதி. டபுள் பேஸும் ஸ்வாலோவின் மின்பேஸும் ஒரே குழுவில் இருக்கிற அபூர்வம் அதில் உண்டு. ஆனால் இவை எதுவும் முதல் வாசலாக வேண்டாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் ‘கார்னே த ரூத்’துக்கு அடுத்து உடனே கேட்கச் சொல்வேன். 2018இல் வந்த ‘சாண்ட் வுமன்’. 1970களில் தனியாக அடுக்கி வாசித்த அதே பாட்டுகளில் சிலவற்றை எழுபது வயதைக் கடந்தபின் ஐவர் குழுவோடு மறுபடி எடுத்தார் தெக்ஸியே. ‘ஆமிர்’, ‘லெ லாபா’ இரண்டும் அதில் இருக்கின்றன. 1976இன் ‘லெ லாபா’வை முதலில் போடுங்கள், முடிந்ததும் 2018இனதைப் போடுங்கள். பேஸின் சுற்று அதேதான். பழைய பதிவில் குரலும் ஊத் வாத்தியமும் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஊதுகருவிகளும் மான்யு கோஜியாவின் கிடாரும் நிற்கின்றன. டிரம்மர் கோத்தியே காரிக் பேரன் வயதுக்காரர். முதல் பதிவில் மெட்டு எங்கே போகும் என்று முடிவு செய்தவர் ஒருவரே. இரண்டாவதில் அந்த முடிவு பாட்டுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கிறது, பேஸ் எல்லாருக்கும் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் எது உங்களை அதிகம் இழுக்கிறதோ அதை வைத்து அடுத்ததைத் தீர்மானித்துக்கொள்ளலாம். பழையது என்றால் ‘வரெக்’, புதியது என்றால் ‘ஆன் இண்டியன்ஸ் வீக்’.